தோள் அசைந்தது

போனை வாங்கி ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, உறையின் மேல் இருபத்தேழு என்று எழுதி, அதே எண் போட்ட டோக்கனை இசக்கிமுத்துவின் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பெண் அடுத்த ஆளிடம் போய்விட்டாள். முடிந்தது. இனி ஓடி முடித்து, பின்பக்கமாகச் சுற்றி வந்தால்தான் போன் கைக்கு வரும். அதுவரை அது அந்த நீலத் தொட்டிக்குள், ஜப்பான்காரன் போனுக்கும் ஓமன்காரன் போனுக்கும் நடுவில் கிடக்க வேண்டியதுதான். அதற்குள்ளே செல்வின் அண்ணனுக்கு அனுப்பிய குரல் செய்தி கிடக்கிறது. பத்தொன்பது விநாடி. அனுப்பியாயிற்று, இரண்டு சாம்பல் டிக் விழுந்தாயிற்று, அது நீலமாகிறதா என்று பார்ப்பதற்குள் உறைக்குள் போய்விட்டது. கொஞ்சம் பொறுத்து அனுப்பியிருக்கலாம். ஓடிவிட்டு அனுப்பியிருக்கலாம். அனுப்பாமலே இருந்திருக்கலாம், ஐந்து வாரமாக அப்படித்தானே இருந்தான், என்ன குடிமுழுகிப் போயிற்று. கழிப்பறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் கேட்கக்கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டு, இந்த ஊரில் யாருக்குத் தமிழ் தெரியும் என்ற எண்ணம்கூட வராமல், வாயைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "அண்ணே, அன்னைக்கு ஒடிசால நான்தான் தோளை அசைச்சேன். வேணும்னுதான் அசைச்சேன். அதான் நீ கெளம்பிட்ட. மன்னிச்சிருண்ணே" என்று சொல்லிவிட்டான். பாக்கி விநாடியெல்லாம் தண்ணீர்ச் சத்தம்தான். அழித்துவிடலாம் என்றால் போன் இல்லை. போன் இருந்து அழித்தாலும், செய்தி அழிக்கப்பட்டது என்று ஒரு வரி நிற்கும். என்னல அழிச்ச, என்னல அழிச்ச என்று கேட்டே செல்வின் அண்ணன் உயிரை எடுத்துவிடுவான்.

கால் ரூம் என்று சொல்வார்கள், ஓட்டத்துக்கு முன் பெயர் கூப்பிட்டு உட்கார வைக்கிற அறை. எட்டு நாற்காலி, ஒரு மேசை, சுவரில் ஒரு கடிகாரம். லேன் வரிசைப்படிதான் உட்கார வேண்டும். இசக்கிமுத்துவுக்கு நான்காவது லேன், ஆகவே நான்காவது நாற்காலி. ஆசிய உள்ளரங்கத் தடகளப் போட்டி, ஆண்கள் அறுபது மீட்டர், முதல் சுற்றில் நான்காவது ஹீட். முதல் மூன்று பேர் அடுத்த சுற்றுக்கு. கசகஸ்தானில் இந்த மாதத்தில் வெளியே போனால் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவு பனி. உள்ளே வியர்க்கிறது. மீசைக்காரர் ஒருவர் ஒவ்வொருவருடைய ஷூவையும் வாங்கித் திருப்பி, அடியிலிருக்கும் ஆணிகளை ஒரு தகட்டில் வைத்து உயரம் பார்த்துக்கொண்டு வருகிறார். இடுப்பில் ஒட்டிய லேன் எண் சரியாக ஒட்டவில்லை, ஒரு மூலை சுருண்டு நிற்கிறது. கட்டைவிரலால் தேய்த்துவிட்டான். மறுபடி சுருண்டது. இரண்டாவது நாற்காலியில் ஓமன்காரன் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறான், அந்த ஆட்டம் தரை வழியாக எல்லாக் காலுக்கும் வருகிறது. பக்கத்தில் ஐந்தாவது லேனுக்குரிய பிலிப்பைன்ஸ்காரன் சூயிங்கம் மெல்லுகிறான். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பார்க்காமலே எல்லாரும் எல்லாரையும் அளந்துகொண்டுதான் இருப்பார்கள். கடிகாரத்தில் பத்து நாற்பத்தொன்று. நம் ஊரில் அரை மணி கூட, பதினொன்று பதினொன்று. திருநெல்வேலி ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரை அடுத்த ஆளிடம் விட்டுவிட்டு செல்வின் அண்ணன் டீ குடிக்க வெளியே வருகிற நேரம். குரல் செய்தியை அவன் காதில் வைத்துக் கேட்கிற ஆளில்லை. ஸ்பீக்கரில் போட்டு, போனைத் தட்டு மாதிரி உள்ளங்கையில் ஏந்தி, ஊரே கேட்கும்படிக்குத்தான் கேட்பான். டீக்கடைக்காரர் கேட்டிருப்பார். ஆட்டோக்காரர்கள் கேட்டிருப்பார்கள். யாருல அது, என்னத்தல அசைச்சான் என்று கேட்டிருப்பார்கள். 

தோளை எவ்வளவு அசைத்தான்? அதைச் செய்தியில் சொல்லவில்லை. ஒரு விரற்கடைகூட இருக்காது. ஈ உட்கார்ந்தால் மாட்டின் தோல் சிலிர்க்குமே, அவ்வளவுதான். ஆனால் அது போதும் என்று உலகத்தில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். பாளையங்கோட்டை விடுதியில் சேர்ந்த வருஷம் தொடங்கிய விளையாட்டு அது. செல்வின் நாசரேத்துக்காரன், இரண்டு வயது மூத்தவன், அப்போதே தொடக்கக் கோட்டில் கால் ஊன்றுகிற பிளாக்கிலிருந்து கிளம்புகிறதில் சூரன். பிளாக்கில் கால் வைத்து, செட் சொல்லி, இடுப்பைத் தூக்கி, மூச்சைப் பிடித்து நிற்கிற அந்த இரண்டு விநாடியில் அவன் ஓரக்கண்ணால் இடது பக்கத்து ஆளைப் பார்ப்பான். பார்க்காதே என்று கோச் தலையில் குட்டுவார். நிறுத்த முடியாது, பிறவிக் குணம். அதைக் கண்டுபிடித்தவன் இசக்கிமுத்து. இடது பக்கம் நின்றுகொண்டு, விசில் ஊதுவதற்கு முன் வலது தோளை லேசாக ஒரு துடிப்புத் துடித்தால் போதும், செல்வின் பாய்ந்துவிடுவான். பாய்ந்து பத்து மீட்டர் போய், தனியாக ஓடுகிறோம் என்று தெரிந்து, திரும்பி வந்து திட்டுவான். பூச்சி காட்டுறான் பாரு, பூச்சி காட்டுறான் பாரு என்பான். பிறகு அவனும் காட்டினான். ஏமாறுகிறவன் இரண்டு பேருடைய பிளாக்கையும் ஸ்டோர் ரூம் வரை சுமக்க வேண்டும் என்று ஏற்பாடு. பதினோரு வருஷம். ரயில்வேயில் இருவருக்கும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்து, இருவருக்கும் கல்யாணமாகி, செல்வினுக்கு நெற்றி ஏறி, அப்போதும் விட்டார்களா? போன டிசம்பர் வரை காலைப் பயிற்சியில் ஒரு பூச்சியாவது காட்டாமல் இருந்ததில்லை. சிரித்துச் சிரித்துத் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

மீசைக்காரர் கை நீட்டினார். ஷூவைக் கழற்றிக் கொடுத்தான். தகடு, ஆணி, தலையாட்டல், சரி. ஒடிசாவிலும் இப்படித்தான் பார்த்தார்கள். தகுதிப் போட்டியின் இறுதி ஓட்டம். இந்திய அணியின் இரண்டு இடத்தில் ஒன்று எப்போதோ போய்விட்டது, பஞ்சாப்காரன் எடுத்த நேரத்தை யாரும் தொட முடியாது. மிச்சம் ஒன்று. செல்வின் அரையிறுதியில் ஆறு புள்ளி ஏழு பூஜ்யம், இசக்கிமுத்து ஆறு புள்ளி ஏழு இரண்டு. விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு, கண் சிமிட்டினால்கூட அதைவிட நேரமாகும். லேன் போட்டதில் செல்வின் நாலு, இசக்கிமுத்து மூன்று. இடது பக்கம். லேன் சீட்டைப் பார்த்ததும் செல்வின் சிரித்தான், பூச்சி காட்டிராதல என்றான். அதற்கு இவன் என்ன சொன்னான்? சிரித்தானா? சிரித்த ஞாபகம். அந்த இடத்தில்தான் ஐந்து வாரமாக முள் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அவன் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் இவனுக்கு அந்த நினைப்பே வந்திருக்காது. சொன்னதும் வந்தது. வந்தது, போய்விட்டது என்றுதான் நினைத்தான். பிளாக்கில் கால் வைக்கும்போது அந்த நினைப்பு இல்லை, சத்தியமாக இல்லை, பம்பரத்தில் சாட்டை சுற்றுகிற மாதிரி உடம்பைச் சுற்றிக்கொண்டிருந்தான். செட். இடுப்பு மேலே. மூச்சு நின்றது. ஸ்டார்ட்டர் துப்பாக்கியை வெடிக்காமல் கொஞ்சம் இழுத்தார். எப்போதையும்விடக் கொஞ்சம் இழுத்தார். அந்த இழுப்பில் தோள் அசைந்தது.

தோள் அசைந்ததா, தோளை அசைத்தானா? இங்கேதான் எத்தனை தடவை வந்து நின்றுவிட்டான். அசைந்தது என்றால் பதினோரு வருஷப் பழக்கம், இடது பக்கம் நின்றால் வலது தோள் தானாகத் துடிக்கும், கொட்டாவி மாதிரி. அசைத்தான் என்றால் அயோக்கியத்தனம். ராத்திரி படுக்கையில் அது அசைந்ததாக இருக்கும், காலையில் பல் விளக்கும்போது அசைத்ததாக ஆகிவிடும். ஒன்று மட்டும் தெரியும். துடித்த அந்தக் கணத்தில் உள்ளே எங்கோ ஒருத்தன், பாய்ந்துவிடுவான் பார், என்று நினைத்தான். அது துடிப்பதற்கு முன்பா, துடித்த பிறகா? பிளாக்கில் பொருத்திய கருவிக்குக் காலின் அழுத்தம்தான் தெரியும், தோளைப் பற்றி அதற்கு அக்கறையில்லை. செல்வின் பாய்ந்தான். துப்பாக்கியும் வெடித்தது, கூடவே திரும்ப அழைக்கிற வெடியும் வெடித்தது. பெரிய திரையில் எண் வந்தது, பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு ஒன்று. பத்தில் ஒரு விநாடிக்குள் கிளம்பினால் ஃபால்ஸ் ஸ்டார்ட், பேச்சே கிடையாது. சிவப்பு அட்டையைக் கொண்டுவந்து நான்காவது லேனுக்கு முன்னால் காட்டினார்கள். செல்வின் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்து லேனில் அசைவு இருந்தது என்று ஒரு கை தூக்கியிருந்தால் வீடியோ பார்த்திருப்பார்கள். தூக்கவில்லை. இடுப்பில் ஒட்டிய எண்ணைப் பிய்த்து நான்காக மடித்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டான். ஏழு பேராக மறுபடி ஓடினார்கள். இசக்கிமுத்து ஆறு புள்ளி ஏழு ஒன்று. கோட்டைத் தாண்டி, சுவரில் சாத்தியிருந்த பஞ்சு மெத்தையில் மோதித் திரும்பினால் முதலில் வந்து கட்டிப்பிடித்தவன் செல்வின்தான். போயிட்ட பாத்தியால, போயிட்ட பாத்தியால என்று முதுகில் அடித்தான். அந்த அடி இன்னும் வலிக்கிறது என்று சொன்னால் அது பொய், ஆனால் நினைத்தால் குறுகிப்போகிறான்.

செல்வினுக்கு முப்பத்திரண்டு வயது. அடுத்த தகுதிப் போட்டிக்கு முப்பத்துநாலு ஆகிவிடும், அறுபது மீட்டருக்கு அது கிழட்டு வயது. செல்வினுக்கு ஒரு பாஸ்போர்ட் இருக்கிறது. முதல் முறை தேசிய முகாமுக்குக் கூப்பிட்ட உற்சாகத்தில் எடுத்தது. எடுத்து, உறை வாங்கி மாட்டி, பத்து வருஷம் பீரோவில் வைத்து, ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதியாகி, போன வருஷம்தான் புதுப்பித்தான். வெளிநாட்டுக்குத் திரும்ப ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்று அவன் பெண்டாட்டி ஜெசிந்தாக்கா கேலி பண்ணினாள். புதுசிலும் பக்கமெல்லாம் வெள்ளைதான். ஒடிசாவிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கு ஜெசிந்தாக்கா இசக்கிமுத்துவைத்தான் பிடித்துக்கொண்டாள். நீ பக்கத்துலதான இருந்த தம்பி, எப்படி அப்படி அவசரப்பட்டாரு, என்று கேட்டாள். அழுதுகொண்டு கேட்டிருந்தால்கூட எதையாவது சொல்லித் தொலைத்திருப்பான். அவள் மீன் கழுவிக்கொண்டே கேட்டாள். செல்வின் உள்ளேயிருந்து, என் காலுதான் அவசரப்பட்டுட்டு, அவன ஏன் கேக்க, என்றான். கோச்சிடமும் அதைத்தான் சொன்னான். ஆபீசில் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து கேட்டவர்களிடமும் அதையே சொன்னான். பெரிய ஓட்டம்னா செல்வினுக்கு நடுக்கம் வந்துரும், என்று ஊரில் பேச்சாகிவிட்டது. பதினோரு வருஷத்தில் மெத்தையில் மோதுகிற வரைக்கும் நடுங்காத மனுஷன் அவன். நடுக்கம் என்று பெயர் வாங்கிக்கொண்டான். இவன் இந்திய அணியின் நீலச் சட்டையை வாங்கிக்கொண்டான்.

மேசையருகே நின்ற ஆள் ஏதோ கத்தினார். மூன்றாவது ஹீட்காரர்கள் எழுந்து போனார்கள். அடுத்தது இவர்கள். பிலிப்பைன்ஸ்காரன் சூயிங்கத்தைத் துப்பிக் காகிதத்தில் சுருட்டிப் பைக்குள் வைத்தான், ஒழுக்கமான பயல். ஏன் இன்றைக்குச் சொன்னான், அதுவும் ஓடுவதற்கு அரை மணி இருக்கும்போது? இது இன்னொரு முடிச்சு, இதை அவிழ்க்கப் பயமாக இருக்கிறது. காலையில் வார்ம்-அப் தடத்தில் நாலு ஸ்டார்ட் எடுத்தான். நாலிலும் கால் ஒட்டிக்கொண்டது. ஒடிசாவுக்குப் பிறகு அப்படித்தான் ஆகிவிட்டது, செட் சொன்னதும் உடம்பு முழுக்கத் தோளைக் காவல் காக்கப் போய்விடுகிறது, அசைந்துவிடாதே, அசைந்துவிடாதே, காலுக்கு ஆள் இல்லை. அணியோடு வந்த மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், தூங்கினாயா என்று இந்தியில் கேட்டார். அப்போதுதான் தோன்றியது, சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும், பாரம் இறங்கினால் கால் கிளம்பும். நேராகக் கழிப்பறைக்குப் போனான். அப்படியானால் மன்னிப்புக் கேட்டது செல்வினுக்காகவா, ஸ்டார்ட்டுக்காகவா? முதலில் அவனுடைய இடத்தை எடுத்துக்கொண்டாயிற்று, இப்போது அந்த இடத்தில் நன்றாக ஓட வேண்டுமென்று அவனிடமே போய்க் கை நீட்டியாயிற்று. சீ. அதிலும் வேண்டுமென்றே அசைத்தேன் என்று சொன்னானே, அது நிஜமா? தெரியாமல் அசைந்துவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அது கேட்க மழுப்பல் மாதிரி இருக்குமென்று பட்டது. பாரம் முழுசாக இறங்க வேண்டுமென்றால் முழுசாகச் சொல்ல வேண்டும் என்று பட்டது. அதனால் வேணும்னுதான் என்று வந்துவிட்டது. தனக்கே தெரியாத ஒன்றை அவனிடம் தீர்ப்பாகச் சொல்லிவிட்டான்.

அவனுக்குத் தெரிந்திருந்தால்? இந்தக் கேள்வி ஏன் இத்தனை நாள் வரவில்லை? எழுந்து வரிசையில் நின்று, நீண்ட வராந்தாவில் எட்டுப் பேராக நடக்கும்போதுதான் அது வந்து காலைத் தட்டியது. பதினோரு வருஷம் அந்தத் தோளைப் பார்த்தே ஏமாந்து பிளாக் சுமந்தவன். ஒடிசாவிலும் ஓரக்கண்ணால் அதைப் பார்த்துத்தானே பாய்ந்தான். பார்த்ததால்தானே பாய்ந்தான். பார்த்தவனுக்குத் தெரியாதா? இசக்கிமுத்துவுக்கு நடை தடுமாறியது, பின்னால் வந்தவன் இடித்துக்கொண்டு ஏதோ சொன்னான். தெரிந்துகொண்டேயா கட்டிப்பிடித்தான்? தெரிந்துகொண்டேயா என் கால்தான் என்று பெண்டாட்டியிடம் சொன்னான்? கிளம்புகிற அன்று ஸ்டேஷனுக்கு வந்து, ரயில் நகர்கிற வரைக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றானே, குளிருக்கு ரெண்டு சாக்ஸ் போடு, பிளாக்கை ஒரு பாதம் முன்னால் தள்ளி வை, என்றெல்லாம் சொன்னானே. இல்லை, தெரிந்திருக்காது. தெரிந்தவனால் அப்படி நிற்க முடியாது. அந்த நேரத்தில் எல்லாம் கணத்தில் நடக்கிறது, யாருக்கு என்ன தெரியும். தெரியாது, தெரியாது. கதவு திறந்தது, வெளிச்சமும் கூட்டத்தின் இரைச்சலும் முகத்தில் அறைந்தன.

எட்டு லேன், எட்டு பிளாக், அந்தப் பக்கம் ஆளுயரத்துக்குப் பச்சை மெத்தைச் சுவர். அறுபது மீட்டர் ஓடி நிற்க இடமில்லாமல் அதில்தான் போய் மோத வேண்டும். இசக்கிமுத்து குனிந்து பாதத்தால் அளந்து பிளாக்கை வைத்தான். ஒரு ஸ்டார்ட் எடுத்துப் பார்த்தான், பரவாயில்லை போலிருந்தது. ஒவ்வொருவர் பேராக ஒலிபெருக்கியில் வந்தது. இவன் பேரை எங்கெங்கோ உடைத்துச் சொன்னார்கள், கை தூக்கினான். கேமரா முகத்துக்கு நேரே வந்து போனது. ஆன் யுவர் மார்க்ஸ். மண்டியிட்டான், விரல்களைக் கோட்டுக்குப் பின்னால் பரப்பினான். ரப்பர் வாசனை. வலது பக்கம் பிலிப்பைன்ஸ்காரன். அவன் ஓரக்கண்ணால் பார்க்கிற ரகமா? அவன் இவனுக்கு வலது பக்கம், இவன் அவனுக்கு இடது பக்கம். கருமம், அதேதான். செட். இடுப்பு மேலே. இப்போது டீ குடித்து முடித்திருப்பான். இப்போது கேட்டிருப்பான். தோளே, அசையாதே. ஒன்று. அசையவில்லை. தோள் கல்லாக நின்றது, கழுத்து கல்லாக நின்றது, எல்லாம் நின்றது, பக்கத்தில் ஒரு முதுகு எழுந்து போவதைப் பார்த்தான், இன்னொரு முதுகும் போனது, அடடா வெடித்துவிட்டதா என்று தோன்றியபோதுதான் கால் கிளம்பியது. பிறகு ஓடினான். ஓட்டத்தில் குறையில்லை, கால் நன்றாகத்தான் விழுந்தது, ஓமன்காரனைத் தாண்டினான், இன்னொருவனையும் தாண்டினான். அறுபது மீட்டரில் தாண்டுவதற்கு எத்தனை பேருக்குத்தான் நேரம் இருக்கும். பச்சைச் சுவர் வந்து நெஞ்சில் மோதியது. மெத்தையில் முகத்தைப் புதைத்தபடியே சிறிது நேரம் நின்றான். திரும்பிப் பார்த்தபோது திரையில் எண்கள் இறங்கி முடிந்திருந்தன. கிளம்ப எடுத்த நேரம் பூஜ்யம் புள்ளி இரண்டு மூன்று. ஓடி முடித்த நேரம் ஆறு புள்ளி எட்டு எட்டு. ஆறாவது இடம். ஏழு விநாடிகூட முழுசாக இல்லை. அதற்காக ஒருத்தனை நடுக்கம் பிடித்தவன் என்று ஊர் பேச வைத்தாயிற்று.

பையும் போனும் கொடுக்கிற இடத்தில் வரிசை. டோக்கன் வியர்வையில் பிசுபிசுத்தது. மேனேஜர் வந்து தோளில் தட்டி, முதல் சர்வதேசப் போட்டி, இப்படித்தான் இருக்கும், என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். உறையைப் பல்லால் கிழித்தான். இரண்டு டிக்கும் நீலம். கீழே செல்வினிடமிருந்து ஒரு குரல் செய்தி, ஐம்பத்திரண்டு விநாடி. சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்து காதில் வைத்துக்கொண்டான். முதலில் ரயில் அறிவிப்புத்தான் கேட்டது, ஏதோ ஒரு வண்டி ஏதோ ஒரு நடைமேடைக்கு வருகிறது. டீக்கடையில் இல்லை, எங்கோ நடந்து தள்ளிப் போய்ப் பேசியிருக்கிறான்.

"இசக்கி, கேட்டேன். எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? உன் தோளு எனக்குத் தெரியாதால? அன்னைக்கே தெரியும். பழக்கத்துல வந்துட்டு, பாவம், அவனுக்கே தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனச்சாத்தான் நாளைக்கு உன்கூட நின்னு ஓட முடியும்னு நெனச்சேன். அதான் என் காலு, என் காலுன்னு எல்லார்ட்டயும் சொன்னேன். சொல்லிச் சொல்லி பாதி நானே நம்பிட்டேன்ல. நீ வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா மீதியையும் நம்பியிருப்பேன். இப்ப வந்து வேணும்னுதான்னு சொல்லுத. இனி நான் என்ன செய்ய?" வண்டி உள்ளே வருகிற சத்தம். "ஓடப் போறதுக்கு முன்னால சொன்னா கால் லேசாயிரும்னு நெனச்சுத்தான் சொல்லியிருக்க. உன்னைய எனக்குத் தெரியும். லேசாச்சுன்னா சரி. ஆனா என்னாச்சுன்னு எனக்கு போன் போடாத. ஊருக்கு வந்தும் வீட்டுக்கு வராத. நான் பேப்பர்ல பாத்துக்கிடுதேன்."

மறுபடி கேட்டான். மூன்றாவது முறை கேட்கத் தைரியமில்லை. அண்ணே, வேணும்னு இல்லண்ணே, எனக்கே தெரியாதுண்ணே, அந்தப் பாழாய்ப்போன வார்த்தையை ஏன் சொன்னேன்னே எனக்குத் தெரியலண்ணே, என்று சொல்லப் போனை வாயருகே கொண்டுபோனான். விரலை அழுத்தியிருந்தான், பதிவாகிக்கொண்டிருந்தது, ஒன்று, இரண்டு, மூன்று என்று விநாடி ஓடியது. இப்போது சொல்வதில் எதை அவன் நம்புவான்? ஐந்து வாரமாக ஒரு நம்பிக்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தவனிடமிருந்து இவனேதான் அதைத் தட்டிவிட்டான். விரலை எடுத்து, பதிவானதை அழித்தான். எந்தப் போட்டிக்குப் போனாலும், கோட்டைத் தாண்டியதும் மூச்சு வாங்கிக்கொண்டே ஒருவனுக்கொருவன் நேரத்தைச் சொல்லிக்கொள்வது வழக்கம், கோச்சுக்குக்கூட அதற்குப் பிறகுதான். இதுவரை ஓடியதிலேயே மோசமான நேரம், முதல்முறையாக அதைச் சொல்ல ஆளில்லை. உள்ளே அடுத்த ஹீட்டுக்கு வெடித்தது, கூட்டம் இரைந்து அடங்கியது. நாளைக்குக் காலையில் கவுண்டரைத் திறப்பதற்கு முன்னால் செல்வின் பேப்பரை வாங்கி விளையாட்டுப் பக்கத்தைப் பிரித்துப் பார்ப்பான், மேலிருந்து கீழே வரை விரல் வைத்துத் தேடுவான். ஹீட்டில் ஆறாவதாக வந்தவன் பெயரை எந்தப் பேப்பரிலும் போடமாட்டார்கள்.